பார்க்காதவன் கை

கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி
டயர் ரீட்ரேடிங் ஷெட்டின் பின்பக்கம்,
ரப்பர் வேகும் வாடையில்
ராத்திரி பதினொன்றரைக்கு மூணு சீட்டு.
படுக்கப்போட்ட லாரி டயர்மேல்
ஒரு பிளைவுட் பலகை. அதுதான் மேசை.

நான் சீட்டைப் பார்ப்பதற்கு முன்
சீட்டைப் பார்ப்பவர்களைப் பார்ப்பவன்.

மொக்கச்சாமி நல்ல கை வந்தால்
பீடியை அணைத்துவிடுவார்.
சுமாருக்குப் பற்றவைப்பார்.
குப்பை என்றால் பக்கத்து ஆளிடம்
வைகையில் தண்ணி தொறந்துட்டானா என்று கேட்பார்.

கெங்காராமுக்குச் சாயப்பட்டறை.
நகக்கண்ணில் எப்போதும் நீலம்.
ஜோடி விழுந்தால் அந்த நீலத்தைச் சுரண்டுவார்,
கலர் சேர்ந்தால் சுரண்ட மறந்துபோவார்.

ஒச்சு பொய்க்காரன், அதனால் சுலபம்.
செய்வதைத் திருப்பிப் போட்டுப் படித்தால் சரி.
போன தை மாதம் ஒருநாள்
நிஜமாகவே ஆடி என்னிடம் நானூறு அடித்தான்.
அதிலிருந்து அவன் பொய்க்கும்
கொஞ்சம் கழிவு வைத்திருக்கிறேன்.

முதல் சுற்றில் ஏன் யோசித்தான்,
இரண்டாவதில் ஏன் யோசிக்கவில்லை,
இப்படிக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.
சுங்கச்சாவடியில் வண்டி பிரிக்கிற மாதிரி:
கார் இந்தப் பக்கம், பஸ் அந்தப் பக்கம்.
கடைசியில் ஒரே வழியில்
ஒரே ஒரு கை நிற்கும்.
அதன் நம்பர் பிளேட்டை இங்கிருந்தே வாசிப்பேன்.

அன்று ஐந்தாவது ஆள் சூசை.
மேலூரிலிருந்து கல் ஏற்றி வந்த லாரியின் கிளீனர்.
டிரைவர் தூங்குகிறான், இவனுக்கு வரவில்லை.
மூன்று சீட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தன.
தொடாமலே பத்து ரூபாய் வைத்தான்.

எனக்கு இரண்டு ராணி, ஓர் ஏழு.
மொக்கச்சாமி வைகையை விசாரித்தார், போனார்.
கெங்காராம் சுரண்டச் சுரண்ட நான் ஏற்றினேன், போனார்.
விடவே மாட்டேன் என்றான் ஒச்சு,
அடுத்த சுற்றில் விட்டான்.

மிச்சம் சூசை.
நான் நாற்பது, அவன் இருபது.
நான் நாற்பது, அவன் இருபது.
எங்கள் செட்டில் ஒரு சட்டம் உண்டு:
பார்த்தவன் பார்க்காதவனிடம்
‘காட்டு’ என்று கேட்கக் கூடாது.

அவன் முகத்தைப் பார்த்தேன்.
கழுத்தைச் சொறிந்தான்,
கொசுதான் கடித்திருந்தது.
கொட்டாவி விட்டான்,
தூக்கம்தான்.
அவனே பிரிக்காத தபாலை
அவன் நெற்றியில் எங்கே தேடுவது?

என் மூன்றைக் கழித்தால் நாற்பத்தொன்பது சீட்டு,
அதில் பதினெட்டாயிரத்து நானூற்று இருபத்துநான்கு கைகள்.
அத்தனையும் அந்த மூன்று சீட்டுக்கடியில்
இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.
ஒன்றைக்கூட எழுப்பி அனுப்ப முடியவில்லை.
இரண்டு ராணிக்குப் பத்தில் ஒன்பது ஜெயம்.
இந்தக் கணக்கை மற்றவர்களுக்குச் சொல்லித்தந்ததே நான்தான்.

“பாத்துத்தான் ஆடேம்ப்பா.”
“பாத்தா ஆசை வந்துரும்ணே”
என்று இன்னொரு இருபதை வைத்தான்.

ராணிகளைக் கவிழ்த்தேன்.

எண்ணாமல் அள்ளிக்கொண்டான் சூசை.
அதை ஒரு தடவை திருப்பு என்று
நான் வாய் திறப்பதற்குள் ஒச்சு
மூன்றையும் வாரிக் கட்டோடு கலைத்துவிட்டான்.
ஹாரன் அடித்தது. கிளீனர் ஓடினான்.
அப்புறம் ஆடிய ஆட்டம் எதுவும் ஞாபகமில்லை.
லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

திருநகர் வரைக்கும் வண்டியில் யோசித்து வந்தேன்.
என்னவாக இருந்திருக்கும்?
மூணு ஏஸ்? ரெண்டு மூணு அஞ்சு?
ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்தி
சரக்கு ரயில் போவதை எண்ணினேன்.
நாற்பத்தொன்பதாவது பெட்டியில் எண்ணம் தவறியது.

கதவைத் திறந்த செந்தாமரை
தூக்கக் கண்ணோடு ஒரே தடவை பார்த்தாள்.
“முந்நூறா?”

முந்நூற்று முப்பது.